ஆலை ஸ்டார்ட்-அப்புக்கு முன்: 'தயார்' என்று கையெழுத்துப் போடப்போகும் மேலாளருக்கு

ஒரு யூனிட்டின் பொறுப்பு முதல் முறையாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ரசாயன ஆலையோ, அம்மோனியா கிடங்கோ, குளோரின் கையாளும் இடமோ, ஏதோ ஒன்று. புதிதாகக் கட்டி முடித்திருப்பார்கள், அல்லது பல மாதம் நின்று கிடந்ததை மறுபடி ஓட்டப் போகிறீர்கள். தலைமை அலுவலகம் தேதி கேட்டுக்கொண்டே இருக்கிறது. பாதுகாப்புத் தணிக்கைக் குழு ஒன்று வரப்போகிறது. அது வருவதற்குள் நீங்களே உங்கள் யூனிட்டைச் சோதித்து, 'ஓட்டத் தயார்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தயார் ஆவது ஒரு வேலை. ஆகிவிட்டோமா என்று பார்ப்பது இன்னொரு வேலை. வெல்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே சோதனையைத் தொடங்கிவிடும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 'வருகிற குழு குறைகளைச் சொல்லட்டும், சரிசெய்துகொண்டே போனால் தயாராகிவிடுவோம்' என்று நினைப்பார்கள். தணிக்கைக் குழு மூன்று நாள் இருக்கும். ஐம்பது வால்வில் ஐந்தைத் தொட்டுப் பார்க்கும். மீதி நாற்பத்தைந்து உங்களுடையது.

இந்தப் பிரிவினையைத் தெளிவாக எழுத்தில் வகுத்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்க எரிசக்தித் துறையினர். கொலராடோவிலுள்ள ராக்கி ஃபிளாட்ஸ் அணு ஆயுத ஆலையில் புளுட்டோனியம் வேலை 1989 இறுதியில் நின்றது. மறுபடி தொடங்கலாமா என்ற பேச்சு வந்தபோது, அந்நாட்டுக் காங்கிரஸ் ஏற்படுத்தியிருந்த தனிப் பாதுகாப்பு வாரியம் குறுக்கிட்டு, முறையான தயார்நிலைச் சோதனை வேண்டும் என்று 1990ல் பரிந்துரைத்தது. 1992ல் அதையே பொதுவான பரிந்துரையாகவும் வைத்தது. 2010ல் அந்தத் துறை வெளியிட்ட 425.1டி என்ற உத்தரவு இதை விதியாகவே வகுத்தது. ஆபத்து அதிகமுள்ள ஆலையென்றால், முதலில் ஆலையை ஓட்டும் மேலாளர்கள் தாங்களே சோதித்து, தயார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் ஆலையை நடத்தும் நிறுவனத்தின் தனிக் குழு. அதற்கும் அப்புறம் அரசுக் குழு. வெளிக்குழுவின் சோதனை மேலாளர் தன் தயார்நிலையை உறுதிசெய்துகொள்ளும் கருவி இல்லை என்று உத்தரவிலேயே சொல்லியிருக்கிறார்கள். ரசாயன ஆலைகளில் இதற்கு உறவான வேலையைத்தான் ப்ரீ ஸ்டார்ட்-அப் சேஃப்டி ரிவ்யூ, சுருக்கமாகப் பி.எஸ்.எஸ்.ஆர். என்கிறோம்.

எதை ஓட்டப் போகிறீர்கள் என்று கோடு போடுங்கள்

பி அண்ட் ஐடி வரைபடத்தை (குழாய்கள், வால்வுகள், கருவிகள் எப்படி இணைகின்றன என்று காட்டும் படம்) மேசையில் விரித்து, சோதனைக்குள் வருவது எது, வராதது எது என்று நிறப் பேனாவால் கோடு போடுங்கள். எந்த வால்வ் வரை உங்களுடையது, அதற்கு அப்பால் யாருடையது, நீராவி, நைட்ரஜன், கூலிங் வாட்டர், ஃப்ளேர் (வேண்டாத வாயுவை எரிக்கும் அமைப்பு) எல்லாம் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்பது அதில் தெரிய வேண்டும். இரண்டு யூனிட்டின் எல்லையில் இருக்கும் வால்வைத்தான் இருவரும் 'அவர் பார்த்திருப்பார்' என்று விட்டுவிடுவார்கள்.

எவ்வளவு ஆழமாகப் பார்ப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இரண்டு நாள் நிறுத்தி ஒரு பம்பின் சீல் மாற்றியதற்கு ஐம்பது பக்கச் சோதனை தேவையில்லை. புது ஆலை, நீண்ட நாள் நின்ற ஆலை, கெமிக்கலோ கொள்ளளவோ மாறிய ஆலை, ஆட்கள் பாதிக்குமேல் புதியவர்களாகிவிட்ட ஆலை, இவை நான்கிலும் முழுச் சோதனைதான். நான்காவதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. இரும்பு மாறியிருக்காது, அதை அறிந்தவர் போயிருப்பார்.

பார்ப்பவர் யார்

தானே சோதிப்பது என்றால், செய்தவரே தன் வேலைக்கு மார்க் போட்டுக்கொள்வது என்று பொருளில்லை. இன்டர்லாக்கை (அளவு எல்லை மீறினால் தானாக நிறுத்தும் அமைப்பை) பொருத்திய இன்ஸ்ட்ருமென்ட் பொறியாளர் அதைச் சோதிக்கும் குழுவில் இருக்கக் கூடாது. பக்கத்து யூனிட்டிலிருந்து ஒருவரைக் கடன் வாங்குங்கள். ப்ராசஸ், மெக்கானிக்கல், இன்ஸ்ட்ருமென்ட், சேஃப்டி என்று நான்கைந்து பேர் போதும். கூடவே, இருபது வருடம் ஃபீல்டில் நின்ற ஒரு மூத்த ஆபரேட்டரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டப்படிப்பு இருக்காது, ஆனால் பைப்லைன் ஓரமாக நடந்துபோகும்போது 'இந்த செக் வால்வ் திருப்பிப் போட்டிருக்கு சார்' என்று சொல்லப்போகிறவர் அவர்தான்.

கேள்விகளை எழுதுங்கள், அதோடு சாட்சியையும்

அலுவலகங்களில் சுற்றிவரும் ரெடிமேட் செக்லிஸ்ட்டில் 'எஸ்.ஓ.பி. தயாரா? ஆம் / இல்லை' என்று இருக்கும் (எஸ்.ஓ.பி. என்பது வேலையைப் படிப்படியாகச் செய்யும் முறையை எழுதி வைத்த ஏடு). அதற்கு எல்லோரும் ஆம் என்றுதான் டிக் போடுவார்கள். அதே கேள்வியை இப்படி எழுதிப் பாருங்கள்: 'இரவு ஷிப்ட் ஃபீல்டு ஆபரேட்டர் கையில் இருக்கும் எஸ்.ஓ.பி. கடைசித் திருத்தமா? அதில் சொல்லியிருக்கும் வால்வ் எண்ணும் வால்வில் தொங்கும் டேக் எண்ணும் ஒன்றா?' இதற்கு டிக் போட வேண்டுமானால் எழுந்து போய்ப் பார்த்தாக வேண்டும்.

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், எதை வைத்து ஆம் என்று ஏற்றுக்கொள்வீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். சாட்சிக்கு மூன்று வழிகள்தான் உண்டு: பதிவைப் படிக்கலாம், ஆளைக் கேட்கலாம், நேரில் பார்க்கலாம். முக்கியமான கேள்விக்கு இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும். கேள்விகளைப் பிரித்துக்கொள்ள நான் வைத்திருக்கும் தலைப்புகளும் மூன்று: ஆலை, ஆள், தாள்.

ஆலை

அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23ஆம் தேதி நடந்ததைப் புதிதாகப் பொறுப்பேற்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பராமரிப்புக்குப் பின் ஒரு யூனிட்டை மறுபடி ஓட்டத் தொடங்கினார்கள். சுமார் 170 அடி உயரக் கோபுரத்துக்குள் திரவம் போய்க்கொண்டே இருந்தது, வெளியே எதுவும் வரவில்லை. அடியில் இருந்த லெவல் கருவி பகல் ஒரு மணி அளவில் 7.9 அடி என்று காட்டியது. உண்மையில் 158 அடி நிரம்பியிருந்தது. எச்சரிக்கை மணி ஒன்று வேலை செய்யவில்லை. கண்ணால் பார்ப்பதற்கான கண்ணாடிக் குழாய் அழுக்கேறி ஒன்றும் தெரியாமல் இருந்தது. பொங்கி வெளியேறிய எரிபொருள் தீப்பற்றி 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்கள் பக்கத்தில் நிறுத்தியிருந்த தற்காலிக டிரெய்லர் அலுவலகங்களிலும் அவற்றை ஒட்டியும் இருந்த ஒப்பந்தப் பணியாளர்கள். அந்த ஸ்டார்ட்-அப்புக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் தெரிந்த ஒரு விஷயம் என்னை இன்னும் உறுத்துகிறது. கருவிகளையும் அலாரங்களையும் சோதித்துக்கொண்டிருந்த டெக்னீஷியன்களிடம், நேரமில்லை, யூனிட் ஓடப்போகிறது என்று சொல்லி வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஸ்டார்ட்-அப் படிவத்தில், சோதனை முடிந்தது என்று மேற்பார்வையாளரின் சுருக்கொப்பம் இருந்தது. நிறுவனத்தின் விதியே கேட்ட பி.எஸ்.எஸ்.ஆர். நடக்கவே இல்லை.

அதனால் ஆலையைச் சோதிக்கும்போது காகிதத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடங்கள். லைன் வாக் என்றால் பி அண்ட் ஐடியில் இருக்கும் ஒவ்வொரு லைனையும் தொடக்கம் முதல் முடிவு வரை நடந்து, பார்த்ததை மஞ்சள் பேனாவால் அடித்துக்கொண்டே போவது. முடித்து வரும்போது தாளில் மஞ்சள் படாத கோடு இருக்கக் கூடாது.

நடக்கும்போது கவனிக்க வேண்டியவற்றில் அடிக்கடி மாட்டுபவை சில. ஹைட்ரோ டெஸ்ட்டுக்காக (தண்ணீர் அழுத்தச் சோதனைக்காக) போட்ட ப்ளைண்டுகள் எனும் அடைப்புத் தகடுகள், ரப்பர் கேஸ்கெட்டுகள் அப்படியே இருக்கும். போட்டபோதே எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதியிருந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஃபிளாஞ்சாகப் பார்க்க வேண்டியதுதான். ஸ்பிரிங் சப்போர்ட்டுகளின் பூட்டு ஊசியை எடுக்க மறந்திருப்பார்கள். ரிலீஃப் வால்வ் (அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறக்கும் வால்வ்) சோதனையின்போது திறக்காமலிருக்கப் போட்ட இறுக்கி இன்னும் மாட்டியிருக்கும். இது ஒன்றே போதும், வெசல் வெடிக்க. ரிலீஃப் வால்வ் ஒவ்வொன்றின் தகட்டிலும் உள்ள செட் பிரஷரைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள், அதன் முன்னும் பின்னும் உள்ள வால்வ் திறந்த நிலையில் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டார்கள் சரியான திசையில் சுற்றுகின்றனவா, வடிகால் முனைகளுக்கு மூடி இருக்கிறதா என்பதெல்லாம் கூடவே வந்துவிடும்.

இன்டர்லாக்குகளை ஸ்கிரீனில் பார்த்து ஏற்காதீர்கள். லெவல் ஏறினால் பம்ப் நிற்க வேண்டும் என்றால், கருவியின் இடத்தில் சிக்னல் கொடுத்து, பம்ப் உண்மையில் நிற்கிறதா என்று பம்புக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்ல வேண்டும். கடைசியில், கன்ட்ரோல் சிஸ்டத்தில் பைபாஸ் செய்து (செயல்படாமல் தவிர்த்து) வைத்திருப்பவை, ஃபோர்ஸ் கொடுத்து (மதிப்பைக் கையால் நிலைநிறுத்தி) வைத்திருப்பவை எல்லாவற்றின் பட்டியலையும் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். கமிஷனிங் நடக்கும் நாட்களில் வசதிக்காகப் போட்டவை ஒன்றிரண்டாவது அதில் இருக்கும். 'பட்டியல் எடுக்க வராது சார்' என்றால், அதுவே உங்கள் முதல் குறை.

ஆள்

பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து இருப்பது, அவர் அன்று வகுப்பில் இருந்தார் என்பதற்கு மட்டுமே சாட்சி. ஆபரேட்டரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்காதீர்கள். அது இன்டர்வியூ ஆகிவிடும், உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்வார். அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போங்கள். 'தம்பி, இந்தப் பம்ப் ட்ரிப் ஆனால் முதலில் என்ன செய்வீங்க? காட்டுங்க' என்று கேளுங்கள். எந்த வால்வை நோக்கிக் கை போகிறது என்று பாருங்கள். அடுத்து, 'இங்கே எது உங்களுக்குச் சரியாப் படல?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். கொஞ்ச நேரம் மௌனமாக இருக்கும். அப்புறம் வரும்.

இதை எல்லா ஷிப்டிலும் செய்யுங்கள், குறிப்பாக இரவு ஷிப்டில். பொது ஷிப்டில் பத்து பொறியாளர்கள் சுற்றி நிற்பார்கள். விடிகாலை மூன்று மணிக்கு ஷிப்ட் இன்சார்ஜும் நான்கு ஆபரேட்டர்களும் மட்டும்தான். அவர்களுக்கு யூனிட்டை நிறுத்தும் அதிகாரம் இருக்கிறதா? 'இருக்கிறது' என்று நீங்கள் சொல்வது கணக்கில்லை. யாரையும் கேட்காமல் எமர்ஜென்சி பட்டனை அழுத்துவேன் என்று இன்சார்ஜ் தயங்காமல் சொல்கிறாரா என்று பாருங்கள்.

எத்தனை நாளாகத் தொடர்ந்து வேலை செய்கிறார்கள் என்றும் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். டெக்சாஸ் சிட்டியில் அந்த வேளையில் பணியிலிருந்தவர்களில் சிலர் 29 நாட்களும் அதற்கு மேலும் இடைவெளியின்றிப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்தவர்கள். ஸ்டார்ட்-அப்புக்கு முந்தைய மாதத்தில் ஓவர்டைம் ஏறுவது எங்கும் உள்ளதுதான். ஆனால் அசந்துபோன குழுவை வைத்துக்கொண்டு தயார் என்று எழுத முடியாது.

ஒப்பந்தத் தொழிலாளர்களையும் விட்டுவிடாதீர்கள். சைரன் கேட்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று இந்தியிலோ ஒடியாவிலோ அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

தாள்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் எல்லோரும் இதைத்தான் நன்றாகச் செய்வார்கள். எஸ்.ஓ.பி.யில் ஸ்டார்ட்-அப், நிறுத்தம், அவசர நிறுத்தம் மூன்றும் இருக்க வேண்டும். ஹாசாப் ஆய்வின் (எங்கே எது தவறிப்போகலாம் என்று அலசும் ஆய்வு) பரிந்துரைகளில் எவை முடிந்தன, எவை முடியவில்லை என்ற பட்டியல் வேண்டும். கட்டுமானத்தின்போது வரைபடத்திலிருந்து விலகிச் செய்த மாற்றங்களுக்கு எம்.ஓ.சி. (மாற்றத்தை ஆராய்ந்து ஒப்புதல் தரும் பதிவு) எழுதி, அதை வரைபடத்திலும் ஏற்றியிருக்க வேண்டும். இந்தியாவில் என்றால், அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் கையாளும் புதிய ஆலை, வேலை தொடங்குவதற்கு 90 நாட்களுக்கு முன்பே பாதுகாப்பு அறிக்கையைக் கொடுத்திருக்க வேண்டும். ஆலைக்குள்ளான அவசரகாலத் திட்டம் தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும்.

பர்மிட்டுகளை (வேலை அனுமதிச் சீட்டுகளை) மட்டும் தனியாகப் பாருங்கள். வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6ஆம் தேதி ஒரு பம்பின் ரிலீஃப் வால்வைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தைத் தற்காலிகமாக மூடியிருந்தார்கள். பம்பின் பராமரிப்புக்கு ஒரு பர்மிட், வால்வுக்கு இன்னொரு பர்மிட். இரவு ஷிப்ட் ஒன்றை மட்டும் பார்த்தது, பம்பை ஓட்டியது. மூடிய இடத்தில் வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். அதனால் ஸ்டார்ட்-அப் நாளில் உங்கள் எல்லைக் கோட்டுக்குள் திறந்திருக்கும் பர்மிட் எத்தனை என்ற கேள்விக்கு ஒரே பதிவேட்டிலிருந்து ஒரே பதில் வர வேண்டும்.

ஒருமுறை ஒத்திகை, ஒருமுறை தண்ணீர்

ஆபத்தான பொருளை உள்ளே விடும் முன், முடிந்தால் தண்ணீரையோ நைட்ரஜனையோ வைத்து முழு ஓட்டமும் ஓட்டிப் பாருங்கள். எஸ்.ஓ.பி.யை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, ஆபரேட்டர் அதன்படி மட்டும் செய்ய வேண்டும். 'இந்த இடத்துல நாங்க வேற மாதிரி செய்வோம்' என்று அவர் சொல்லும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று எஸ்.ஓ.பி. தப்பு, அல்லது பழக்கம் தப்பு. எது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட வேண்டும்.

அவசரகால ஒத்திகையை முன்கூட்டி அறிவிக்காமல் ஒருமுறை நடத்துங்கள். நான் இருந்த ஒரு ஆலையில் அப்படி நடத்தியபோது, சுவாசக் கருவிகள் இருந்த அறை பூட்டியிருந்தது. திருடு போகிறதென்று யாரோ பூட்டி, சாவியை மெயின் கேட்டில் கொடுத்திருந்தார்கள். கேட் இருந்தது காற்று வீசும் திசையில். வாயு உண்மையிலேயே கசிந்திருந்தால், கருவியை எடுக்க அந்த வாயுவுக்குள்ளேயே நடந்து போயிருக்க வேண்டும். காகிதத்தில் 'சுவாசக் கருவி: 6, நல்ல நிலையில்' என்றுதான் இருந்தது. பொய் இல்லை.

விசாகப்பட்டினத்தில் 2020 மே 7ஆம் தேதி அதிகாலை ஸ்டைரீன் ஆவி ஊருக்குள் பரவியபோதும் இதே கதைதான். ஊரடங்கில் வாரக்கணக்கில் தொட்டியில் தேங்கிக் கிடந்த பொருள் தானாகவே வினைபுரிந்து சூடேறியது. தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே வெப்பமானி இருந்ததால் மேலே ஏறிய சூடு தெரியவில்லை. சைரனை ஒலிக்க ஆலையில் 36 இடங்களில் வசதி இருந்தும் அது ஒலிக்கவில்லை என்று ஆந்திர அரசின் உயர்மட்டக் குழு கண்டது. 12 பேர் இறந்தார்கள். ஆலை நின்றிருக்கும்போதும் உள்ளே இருக்கும் பொருள் சும்மா இருப்பதில்லை. மறு தொடக்கம் என்றால், தேங்கிய பொருளின் நிலை என்ன என்பதுதான் உங்கள் பட்டியலில் முதல் வரி.

குறைகளைப் பிரிப்பது

இவ்வளவும் முடிந்தால் கையில் ஐம்பது, நூறு குறைகள் சேர்ந்திருக்கும். பயப்பட வேண்டாம். நூறு குறை கண்ட சோதனையை நம்புவேன். மூன்று குறை கண்டதைத்தான் மறுபடி பார்க்கச் சொல்வேன்.

அவற்றை ஓட்டும் முன் முடிக்க வேண்டியவை, ஓட்டிய பிறகு முடிக்கலாம் என்பவை என இரண்டாகப் பிரியுங்கள். எனக்கு உதவும் கேள்வி இது: இந்தக் குறை இருக்கும்போது வாயு கசிந்தாலோ தீ பிடித்தாலோ, தடுக்கும் கை ஒன்று குறைகிறதா? குறைகிறது என்றால் முன். பெயின்ட், தளம், கூடுதல் படிக்கட்டு எல்லாம் பின். கூட்டத்தில் தேதி நெருக்கும்போது முன்பட்டியலிலிருந்து பின்பட்டியலுக்குக் குறைகள் மெல்ல நகரும், கவனியுங்கள். நகர்த்துபவர் பெயரும் காரணமும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று விதி வைத்துவிட்டால் நகர்வது பாதியாகக் குறைந்துவிடும். பின்பட்டியலில் உள்ளவற்றுக்கும் ஒவ்வொன்றாகப் பொறுப்பாளரும் தேதியும் போடுங்கள்.

முடிந்தது என்று வருபவற்றை நேரில் போய்ப் பார்த்த பிறகே மூடுங்கள். ஒரே வகைக் குறை நான்கு இடத்தில் வந்தால், நான்கையும் சரிசெய்துவிட்டுப் போகாமல், மற்ற இடங்களையும் தேடுங்கள்.

கையெழுத்து

கடிதம் ஒரு பக்கம் போதும். எந்த எல்லைக்குள், எந்த நாட்களில், யார் யார் சோதித்தார்கள். ஓட்டும் முன் முடிக்க வேண்டியவை எல்லாம் முடிந்தன. பின்னால் முடிக்க வேண்டிய இத்தனை குறைகள் இணைப்பில் உள்ளன. அவ்வளவுதான். 'சிறு குறைகள் தவிர' என்று மொட்டையாக எழுதாதீர்கள்.

தேதிக்குள் முடியவில்லை என்றால் என்ன செய்வது என்று எல்லாப் புதியவர்களும் கேட்பார்கள். தயார் இல்லை என்று எழுதி, எவை முடியவில்லை, எத்தனை நாள் வேண்டும் என்பதை அதே தாளில் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் தயக்கம் என்பார்கள். எண்ணிட்ட பட்டியலாகக் கொடுத்தால், அதை மீறி ஓட்டச் சொல்பவர் தானும் எழுத்தில் சொல்ல வேண்டிவரும். அப்படி எழுதிக் கொடுத்தவர் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

ஓட்டும் நாள்

ஸ்டார்ட்-அப் திட்டத்தில் நின்று பார்க்கும் இடங்களைக் குறித்துவிடுங்கள்: அழுத்தம் இவ்வளவு வந்ததும் நிறுத்திக் கசிவு பார்ப்பது, வெப்பம் இவ்வளவு வந்ததும் போல்ட்டுகளை மறுபடி இறுக்குவது. உள்ளே போகும் அளவும் வெளியே வரும் அளவும் ஒத்துப்போகிறதா என்று மணிக்கொருமுறை ஒருவர் தாளில் கணக்குப் போடட்டும். வேலையில்லாதவர்களை எல்லைக்கு வெளியே அனுப்புங்கள், பார்க்க வந்திருக்கும் பெரியவர்களையும் சேர்த்துத்தான். விசாகப்பட்டினத்துக்கு இரண்டு நாள் கழித்து, 2020 மே 9ஆம் தேதி, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஊரடங்குக்குப் பின் ஆலைகளைத் திறப்பதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாகக் கருதுங்கள், உற்பத்தி இலக்கைத் துரத்தாதீர்கள் என்று அதில் இருந்தது. தேதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பும் தலைமை அலுவலகத்துக்கு அந்த வரியை முன்கூட்டியே அனுப்பி வையுங்கள்.

இன்னொன்று. உங்கள் கையெழுத்துக்கு எத்தனை நாள் ஆயுள் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். நான் ஏழு நாள் போடுவேன். மூலப்பொருள் வரத் தாமதம், மழை, கரண்ட் பிரச்சினை என்று ஓட்டம் தள்ளிப்போகும். அந்த இடைவெளியில் யாராவது ஒரு வால்வைக் கழற்றிப் பக்கத்து யூனிட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். ஏழு நாள் தாண்டினால், மஞ்சள் பேனாவை எடுத்துக்கொண்டு மறுபடி லைன் வாக் போங்கள்.